அழியும் நாடாவில் அழியாத மால்குடி

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. கொலுப் பொம்மைகளை நான்கு தலைமுறையாகத் துணி சுற்றிக் காப்பாற்றி வரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இவர்களை ஊர் மெச்சும். ஆனால் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கேசட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருப்பவன் நான். எதற்காகச் சேர்த்தேன், அதில் என்ன கிடைத்தது, இப்போது அதற்கு என்ன ஆபத்து வந்திருக்கிறது என்பதை நம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். நான் சேர்த்த தொடர் 'மால்குடி டேஸ்'.

நம் வாசகர்களுக்கு ஆர்.கே.நாராயணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1906-ல் சென்னையில் பிறந்து, தந்தையார் மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்ததால் இங்கே வந்து, மகாராஜா கல்லூரியில் படித்து, இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். வீட்டிலே தமிழ், வீதியிலே கன்னடம், எழுதியது ஆங்கிலம். 1935-ல் வெளிவந்த 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' நாவலில்தான் மால்குடி என்ற ஊர் முதன்முதலாக அச்சேறியது. அந்த நாவலுக்கு லண்டனில் பதிப்பாளரைத் தேடிக் கொடுத்தவர் ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்.

ஓர் ஊர், நான்கு மொழி

நாராயணின் 'தி கைடு' நாவல் 1965-ல் இந்தித் திரைப்படமாக வந்தது. படம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் தம்முடைய தென்னாட்டுச் சிற்றூர்க் கதையை ராஜஸ்தானத்து அரண்மனைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்ற வருத்தத்தை நாராயண் ஒரு கட்டுரையாகவே எழுதினார். எழுத்தாளருக்கு இருந்த அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் சங்கர் நாக்.

சங்கர் நாகின் படம் ஒட்டிய ஆட்டோக்களை இன்றும் கர்நாடகத்தில் பார்க்கலாம். 'ஆட்டோ ராஜா'வாக நடித்து அந்த ஓட்டுநர்களின் மனத்தில் இடம் பிடித்தவர். அவர்தான் 1986-ல் மால்குடிக் கதைகளைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். தயாரித்தவர் டி.எஸ்.நரசிம்மன். மால்குடியாக மாறியது மலைநாட்டில் தீர்த்தஹள்ளிப் பக்கம் இருக்கும் ஆகும்பே என்ற மழைக்காட்டு ஊர். அங்குள்ள 'தொட்டமனெ' என்ற பழைய பெரிய வீட்டில் பல காட்சிகள் படமாயின. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அவன் அப்பாவாகக் கிரீஷ் கர்னாட், அம்மாவாக வைஷாலி காசரவள்ளி ஆகியோர் நடித்தார்கள். சங்கரின் அண்ணன் அனந்த் நாகும் நடித்தார். தொடக்கத்தில் வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே.லக்ஷ்மணுடையவை.

அந்தத் தொடக்க இசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதை அமைத்தவர் எல்.வைத்தியநாதன். 'ஏழாவது மனிதன்' படத்தின் பாரதியார் பாடல்களுக்கு இசையமைத்தவர் அவரே. வயலின் வித்துவான்கள் எல்.சுப்ரமணியம், எல்.சங்கர் இருவருக்கும் அண்ணன். அவர்களுடைய தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர்.

ஆக, தமிழ்க் குடும்பத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை, கன்னடத் திரையுலகத்தவர் ஒருவர் இந்தியில் எடுத்தார். முதல் 13 பகுதிகளுக்கு ஆங்கில வடிவமும் உண்டு. தாய்மொழி ஒன்று, தெருமொழி ஒன்று, அலுவலக மொழி ஒன்று என்று வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் வேறு எது? அந்த ஓட்டுவீடும், திண்ணையும், பாட்டியும், பள்ளிக்கூடத்துப் பிரம்பும் நம் தஞ்சாவூர், சேலத்துத் தாத்தா வீடுகளில் இருந்தவைதாமே! என் அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. "என்னடா சொல்றான் அவன்?" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்பாள். நானோ தங்கையோ தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரம் போனதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். மொழிபெயர்ப்புக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது.

கேசட் சேர்ந்த கதை

அக்காள் கணவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு வி.சி.ஆர். கொண்டுவந்து கொடுத்தார். வெற்றுக் கேசட் விலை அன்று என் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். மூன்று மணி நேரம் ஓடும் கேசட்டில், பகுதிக்கு 25 நிமிஷம் என்று வைத்தால் 7 பகுதி அடங்கும். சங்கர் நாக் எடுத்தவை மொத்தம் 39. எனவே ஐந்து கேசட்டில் 35, ஆறாவதில் 4. ஆறு கேசட் போதும் என்று கணக்குப் போட்டு வைத்தேன்.

கணக்கு சுலபம், காரியம் கடினம். அந்தக் காலத்தில் எனக்கு ஷிமோகாப் பக்கம் வேலை. வாரக் கடைசியில்தான் மைசூர் வீட்டுக்கு வருவேன். நான் லைனில் இருக்கும் நாட்களில் தங்கைதான் நேரம் பார்த்துப் பதிவுப் பொத்தானை அழுத்துவாள். பாதியில் மின்சாரம் போகும். திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்து நிற்கும். காற்றடித்தால் கூரைமேல் ஆன்டெனா திரும்பிவிடும், யாராவது ஏறித் திருப்ப, கீழிருந்து "வந்தாச்சு, வந்தாச்சு, ஐயோ போயிடுச்சு!" என்று ஒருவர் கத்த வேண்டும்.

ஒரு சிறு நோட்டில் 39 கட்டம் போட்டு, முழுதாகக் கிடைத்ததற்கு ஒரு குறி, அரைகுறைக்கு ஒரு குறி என்று வைத்துக்கொண்டேன். கீமேன் தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்து பார்த்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவது போல, விட்டுப்போன பகுதிகளை மறு ஒளிபரப்பில் பிடித்து அடைத்தேன். அப்படியும் கிடைக்காததற்கு நண்பர்கள் உதவினார்கள். உப்பள்ளியில் ஒருவர், அரசிக்கெரெயில் ஒருவர் என்று எங்களுக்குள் ஒரு கேசட் போக்குவரத்தே நடந்தது. இரண்டு வி.சி.ஆர்.களைக் கம்பியால் இணைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் எடுப்போம். பிளாட்பாரத்தில் பார்த்தால் கன்னட நண்பர்கள் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் "ஏன் சார், மால்குடி சிக்தா?" என்பார்கள், கிடைத்ததா என்று. கடைசிக் கட்டம் நிரம்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரெ அருகே நடந்த கார் விபத்தில் சங்கர் நாக் காலமானார். வயது 35. அன்று இரவு எங்கள் வீட்டில் முதல் கேசட்டைப் போட்டோம். யாரும் போடச் சொல்லவில்லை. தங்கை எழுந்துபோய்ப் போட்டாள். பார்ப்பதற்காகச் சேர்த்தது போய், காப்பாற்ற வேண்டியதாக அது மாறியது அன்றைக்குத்தான்.

எனக்குப் பிடித்த மூன்று

எல்லோரும் சுவாமியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவை வேறு.

'எஞ்சின் டிரபிள்' கதையில் ஒருவனுக்குப் பொருட்காட்சிப் பரிசாக ரோடு ரோலர் விழுகிறது. அதை நகர்த்தவும் முடியாது, நிறுத்தி வைக்க நகராட்சிக்குக் காசு கட்டியும் மாளாது. யானையைக் கட்டி இழுத்துப் பார்க்கிறான். இயந்திரத்தோடு வாழ்ந்தவனுக்குத்தான் அந்தச் சிரிப்பின் முழு அருமை தெரியும்.

'தி மிஸ்ஸிங் மெயில்' கதையில் தபால்காரர் தானப்பா, கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று மரணச் செய்தித் தந்தியையே கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். விதிப்படி பெரிய குற்றம். மனிதர் என்ற முறையில் என்ன சொல்வது? அரசாங்க வேலை பார்த்த ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கதை.

மூன்றாவது 'கேட்மேன்ஸ் கிஃப்ட்'. ஓய்வு பெற்ற வாயிற்காவலர் ஒருவருக்கு ஆபீசிலிருந்து பதிவுத் தபால் வருகிறது. ஆபீஸ் கடிதம் என்றாலே கெடுதல் என்று பயந்து, அதைப் பிரிக்காமலே மனிதர் நிலைகுலைந்து போகிறார். உள்ளே இருந்ததோ வெகுமதிக் காசோலை. நான் ஓய்வு பெற்ற பிறகு இதை மறுபடி பார்த்தபோது, முன்பு சிரித்த இடத்தில் சிரிக்க முடியவில்லை.

அரசாளு நிலையம்

ஷிமோகாவிலிருந்து சாகர் வழியாகத் தாளகுப்பா போகும் பாதையில் அரசாளு என்று ஒரு சிறு நிலையம். மீட்டர்கேஜ் காலத்து ஓட்டுக்கூரைக் கட்டடம், சுற்றிலும் மரங்கள். தொடரில் மால்குடி ரயில் நிலையமாக வருவது அதுதான். அந்தப் பாதையில் டிராலியில் போய்வந்தவன் நான். கேசட்டில் அந்த நிலையம் வரும்போதெல்லாம் வீட்டார் கதையைப் பார்ப்பார்கள், நான் தண்டவாளத்தைப் பார்ப்பேன்.

பின்னர் பாதை அகலப்பாதையாயிற்று. பொதுவாக அப்படி மாறும்போது பழைய சிறு நிலையங்கள் பாழாகி, ஓடு சரிந்து, ஒருநாள் இல்லாமலே போய்விடும். அரசாளுவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மக்கள் அதை மால்குடி என்று நினைவில் வைத்திருந்தார்கள். தென்மேற்கு ரயில்வேயின் மைசூர் கோட்டம் அந்தக் கட்டடத்தைச் சீர்செய்து, 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்தது. அதற்கு உருக்கொடுத்தவர் தொடரின் கலை இயக்குநராக இருந்த அதே ஜான் தேவராஜ். மைசூரிலிருந்து எலகங்கா செல்லும் ஒரு வண்டிக்கும் மால்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

நம் யாதவகிரியில் நாராயண் கட்டி வாழ்ந்த வீட்டின் கதையும் இதுபோலத்தான். 2011-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்து, வேலை நின்று, வீடு சீர்செய்யப்பட்டு, 2016-ல் அருங்காட்சியகமாயிற்று. வெளியூர் உறவினர் வந்தால் அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் அழைத்துப் போகும் நாம், இங்கேயும் ஒரு நடை அழைத்துப் போகலாம்.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று உண்டு. யார்க்ஷயர் கிராமத்துக் கால்நடை மருத்துவர்களைப் பற்றி 'ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' என்று ஒரு தொடரைப் பிபிசி 1978 முதல் 1990 வரை இடைவெளி விட்டு எடுத்தது. சண்டை சச்சரவு இல்லாத, மாடும் மனிதருமான சாதுவான தொடர். அதில் வரும் டாரோபி என்ற ஊரும் கற்பனையே. அதற்காக ஆஸ்க்ரிக் என்ற கிராமத்தில் படமெடுத்தார்கள். கதைகளை எழுதிய ஜேம்ஸ் ஹெரியட் தொழில் செய்த தர்ஸ்க் ஊர் வீடு இன்று அருங்காட்சியகம். அந்த நாட்டுக் குடும்பங்களும் அத்தொடரை வீடியோவில் வரிசையாகச் சேர்த்து வைத்தன. இல்லாத ஊரை நேசிப்பது எல்லா நாட்டாருக்கும் பொதுவான குணம் போலும்.

"எல்லாம் யூடியூப்ல இருக்கே!"

என் மகன் கேட்டான்: "அப்பா, டிவிடியே வந்தாச்சு. இப்ப எல்லாம் யூடியூப்ல இருக்கு. இந்தக் கேசட் பெட்டி எதுக்கு?"

நியாயமான கேள்விதான். டிவிடி வந்தவுடன் நானும் வாங்கினேன். படம் என் கேசட்டைவிடத் தெளிவு. 2006-ல் கவிதா லங்கேஷ் இயக்கத்தில் 15 பகுதிகள் சேர்ந்து மொத்தம் 54 ஆயின. அவற்றையும் பார்த்தேன். இருந்தாலும் இரண்டு காரணங்கள் சொன்னேன்.

முதலாவது, உரிமையாளரிடம் இருக்கிறது என்பதால் ஒன்று என்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிபிசியே 1960களிலும் 70களிலும், விலை உயர்ந்த நாடாவை வீணாக்க வேண்டாம் என்று பழைய நிகழ்ச்சிகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரில் பல பகுதிகளின் படம் அப்படி அழிந்தது. ஆனால் ஒலி மட்டும் ஒரு பகுதிக்குக்கூட விடுபடாமல் இருக்கிறது. காரணம், அன்று ரசிகர்கள் தங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்ததுதான். பெரிய நிறுவனம் தொலைத்ததைச் சின்ன வீடுகள் காப்பாற்றின.

இரண்டாவது காரணத்தை வாயால் சொல்லாமல் ஆறாவது கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அதில் மால்குடி 4 பகுதிதான் என்று சொன்னேன் அல்லவா? மீதி 80 நிமிஷம் வெற்று நாடா. 1991-ல் அப்பா தம் ஓய்வுப் பணத்தில் குவெம்புநகரில் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேச வீடியோவை, நாடா வீணாகாமல் இருக்கட்டும் என்று அதில்தான் நகல் எடுத்து வைத்தோம். மூலக் கேசட்டை வாங்கிப் போன உறவினர் வீட்டில் அதன் மேலேயே கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆகவே என் அம்மா நடந்து, பேசி, அடுப்பில் பால் பொங்கும்போது கையை உதறிச் சிரிக்கும் காட்சி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: 'மால்குடி 6' என்று எழுதிய கேசட்டில். அந்தத் தொடர் இல்லையென்றால் அந்தக் கேசட்டை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டிருப்போம். மகன் அதற்கப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளே கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கான கருவியை வாங்கி வந்தான்.

நாடா ஏன் சாகிறது?

கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலப் பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசியிருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது ஒருவகைத் துரு. தண்டவாளத்தில் துருவோடு சண்டை போட்டவனுக்கு, அந்தத் துருவே படத்தைத் தாங்குகிறது என்பது வேடிக்கைதான். நாடா வினாடிக்கு 23 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் படத்தைப் படிக்கும் உருளை நிமிஷத்துக்கு 1500 முறை சுழலும். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் தூசும் ஈரமும் புகுந்தால் என்ன ஆகும்?

பூச்சை ஒட்டவைக்கும் பசை ஆண்டாக ஆண்டாகத் தளர்கிறது. காந்தப் பதிவு மெல்ல மங்குகிறது. மழைக்காலத்து ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லாமல் போவது. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025-க்குள் மாற்றிவிட வேண்டும் என்று யுனெஸ்கோ 2019-ல் எச்சரித்தது.

ஆகவே அன்பர்களே, பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்:

1. கேசட்டின் சிறு ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். நாடா அறுந்து போகலாம்; கருவிக்கும் பூஞ்சை தொற்றி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2. கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அதன் மேல் யாரும் தவறிப் பதிவு செய்ய முடியாது.

3. புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒலிபெருக்கி, மோட்டார் அருகே வேண்டாம். உலர்ந்த அலமாரி போதும்.

4. நகல் எடுக்க வி.சி.ஆரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் சிறு கருவி வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமே ஆகும். குறுக்கு வழி கிடையாது. டிவிடி தரத்தில் எடுத்தால் மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். என் ஆறு கேசட்டும் 40 ஜிபியில் அடங்கிவிட்டன. விரல் அளவுப் பென் டிரைவ் ஒன்றே போதும்.

5. இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவும் சாகக்கூடியதுதான்.

6. லேபிளை நம்பாதீர்கள். 'சினிமா', 'மேட்ச்' என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே காத்திருக்கலாம்.

என் ஆறு கேசட்டில் நாலாவதைப் பூஞ்சை தின்றுவிட்டது. சுத்தம் செய்தும் பாதிதான் மீண்டது. அந்தப் பகுதிகளை டிவிடியில் பார்த்துக்கொள்கிறோம்.

வேலை நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு நிலமும் வீடும் பின்தங்கிப் போகும். கையோடு வருவது கதையும் பாட்டும் சில படங்களும்தான். இவற்றைக் காப்பாற்ற அரசாங்கமோ நிறுவனமோ வரும் என்று காத்திருந்தால் நாடா காத்திருக்காது. என்னிடம் ஓடும் நிலையில் ஒரு வி.சி.ஆரும், நகல் எடுக்கும் கருவியும், ஓய்வு பெற்றவனுக்கு உரிய தாராளமான நேரமும் இருக்கின்றன. சங்கத்து அன்பர்கள் தங்கள் வீட்டுக் கேசட்டுகளைக் கொண்டுவந்தால் கட்டணம் இல்லாமல் மாற்றித் தருகிறேன். பள்ளி விடுமுறையில் பேரக் குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். கேசட் ஓடும் மூன்று மணி நேரமும் அவர்களுக்கு மால்குடி காட்டலாம், "என்ன தாத்தா சொல்றான்?" என்று கேட்டால் தமிழில் சொல்ல நாம் இருக்கிறோம்.